ஆயில் குறையவே இல்லை: சேற்றுழவில் படுத்த ஒரு டிராக்டர்

மன்னார்குடிப் பக்கம் ஜூன் 12 என்றால் எங்கள் பட்டறைக்கும் அது முக்கியமான தேதி. மேட்டூர் அணை திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தாலே கேஜ்வீல் (சேற்றில் ஓட்டுவதற்கான இரும்புச் சக்கரம்) மாட்டுகிற வேலை, கிளட்ச் வேலை, ஹைட்ராலிக் ஒழுகல் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் வண்டி தயாராக நிற்க வேண்டும். அந்த அவசரத்தில் எல்லோரும் தவறாமல் செய்கிற, ஆனால் யாரும் யோசித்துச் செய்யாத வேலை ஆயில் மாற்றுவது. "என்ன ஆயில் ஊத்துனீங்க?" என்று கேட்டால் "நல்ல ஆயில்தான்" என்பார்கள். கொஞ்சம் விவரமானவர் "இருபது ஐம்பது" என்பார். அதற்கு மேல் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படி ஒரு குறுவையில் என்னிடம் வந்த வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைக்காரர், ஓட்டுநர், சொந்தக்காரர் மூவருக்கும் இதில் பங்கு உண்டு. எனக்கும் உண்டு.

வண்டி

42 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற ரகம். டர்போ கிடையாது. 2009-இல் வாங்கியது. சொந்தக்காரர் அறுபதை நெருங்கியவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆறு ஏக்கர் சொந்த நிலம் போக, சுற்றுவட்டாரத்தில் மணிக் கணக்குக்கு ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) ஓட்டுவதுதான் வண்டிக்கு முழுநேர வேலை. ஹவர் மீட்டர் நின்று பல வருடம் ஆகிறது.

மீட்டர் நின்ற வண்டிக்கு ஆயில் மாற்றும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று பலர் கேட்பதுண்டு. டீசல் கணக்கை வைத்துக்கொண்டால் போதும். இந்த அளவு வண்டி சேற்றில் ரோட்டவேட்டர் அடித்தால் மணிக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் குடிக்கும். ஆக, ஆயிரம் லிட்டர் டீசல் ஊற்றியிருந்தால் 250 மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பங்க் பில்லை ஒரு ஆணியில் குத்தி வைத்திருந்தாலே கணக்கு வந்துவிடும். அண்ணன் வீட்டில் அப்படி ஒரு ஆணி உண்டு, பில்லும் உண்டு. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நடந்தது

தண்ணீர் வந்து நான்காவது நாள் ஓட்டுநர் தம்பி போன் செய்தான். ஓடி முடித்து வண்டியை ஐடிலில் விட்டால் ஆயில் விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறதாம், ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறதாம். எனக்குப் பட்டறையில் அன்று ஐந்து வண்டி நின்றது. "ஆயிலை மாத்திட்டு ஓட்டுப்பா, சீசன் முடிஞ்சதும் கொண்டா, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன். கொண்டுவரச் சொல்லி அளவுகோல் கம்பியை ஒருமுறை உருவி மோந்து பார்த்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆயில் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "விளக்கு எரியுதா? அப்ப ஆயில் தண்ணியா இருக்கு, கெட்டியா ஊத்துங்க" என்று 20டபிள்யூ-50 கொடுத்திருக்கிறார் (முன் எண் குளிரில், பின் எண் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கு). மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த பதினோரு நாள் வண்டி ராத்திரி பகலாக ஓடியது. தம்பி தினமும் காலையில் கம்பியை உருவிப் பார்த்திருக்கிறான், அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. "ஆயில் குறையவே இல்லண்ணே, கோட்டுக்கு மேலேயே நிக்குது, சொட்டுக்கூடக் குடிக்கல" என்று பெருமையாகவே சொன்னான். பதினைந்து வருட வண்டி, ராத்திரி பகலாக ஓடி, சொட்டு ஆயில் குடிக்கவில்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது. சந்தேகப்பட வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை, சேற்றின் நடுவில், இன்ஜின் தட்ட ஆரம்பித்தது. நல்லவேளையாகத் தம்பி உடனே அணைத்துவிட்டான். இன்னொரு வண்டியை வைத்துக் கட்டி இழுத்து வந்தார்கள்.

வடித்துப் பார்த்தது

சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போல்ட்டைக் கழற்றி அளவு போட்ட வாளியில் வடித்தேன். பில்டரோடு சேர்த்து ஏழரை லிட்டர் பிடிக்கிற இன்ஜின். வாளியில் ஒன்பது லிட்டரைத் தொட்டது. விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்கலே இல்லை, மண்ணெண்ணெய் விளக்கில் கை வைத்த மாதிரி இருந்தது. மோந்து பார்த்தால் சந்தேகமே இல்லை, டீசல்.

இருந்தாலும் அண்ணனுக்குக் கண்ணால் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் "அம்பது கிரேடு ஊத்துன ஆயில் எப்படிப்பா தண்ணியாகும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்சு மூன்று வாங்கினேன். ஊசியைக் கழற்றிவிட்டு, அடைப்பானை உருவிவிட்டு, மூன்றையும் ஒரு பலகையில் நட்டமாகக் கட்டினேன். ஒன்றில் அதே கேனில் மிச்சமிருந்த புது 20டபிள்யூ-50, ஒன்றில் என் பட்டறையில் இருந்த புது 15டபிள்யூ-40, ஒன்றில் வடித்த ஆயில். ஒரு மணி நேரம் ஒரே நிழலில் வைத்து மூன்றும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு 20 மில்லியும் இறங்க எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்தோம். கெட்டி ஆயிலுக்கு நான்கரை நிமிடம். 15டபிள்யூ-40-க்கு இரண்டரை. வடித்தது ஒன்றரை நிமிடத்துக்குள் காலி. "கெட்டி" என்று ஊற்றிய ஆயில், அதை விடத் தண்ணி என்று கடைக்காரர் ஒதுக்கிய ஆயிலை விடவும் தண்ணியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். காபி வடிகட்டுகிற தாளில் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். நடுவில் கரிப் புள்ளி, அதைச் சுற்றி வெளிறிய ஒரு பெரிய வளையம். கரி நடுவிலேயே நிற்கும், டீசல் தாளில் ஊறி வெளியே ஓடும். ஒரு சொட்டை அடுப்பில் காய்ந்த இரும்புத் தகட்டிலும் விட்டுப் பார்த்தேன். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. லைனர் ரப்பர் போய் ரேடியேட்டர் தண்ணீர் இறங்கும் வண்டிகளில் அப்படி வெடிக்கும். இதில் வெடிக்கவில்லை.

டீசல் எங்கிருந்து வந்தது? சம்புக்குள் டீசல் இறங்க மூன்று வழி உண்டு. டீசலைப் பீய்ச்சும் நாசில் சரியாக அடைக்காமல் ஒழுகினால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும், ஆனால் புகை காட்டிக் கொடுத்துவிடும். டீசல் பம்பின் தண்டில் இருக்கும் சீல் போனால் டைமிங் பக்கம் வழியாக இறங்கும். மூன்றாவது, பீடு பம்ப். இந்த வண்டியில் அது இன்ஜின் பிளாக்கிலேயே மாட்டியிருக்கும், கேம் தண்டு அதன் கையை ஆட்டும், உள்ளே ஒரு ரப்பர் டயாபிரம் ஏறி இறங்கி டீசலை இழுக்கும். அந்த ரப்பரின் ஒரு பக்கம் டீசல், மறுபக்கம் சம்ப். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கிழிசல். அந்தக் கிட் முந்நூறு ரூபாய்கூட ஆகாது.

அடிச் சம்பைக் கழற்றினால் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடம்) மூன்றிலும் மேல் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. நடு சிலிண்டரின் பேரிங் கிராங்கில் ஒட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறது. கிராங்க்கை லேத்துக்கு அனுப்பி பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) இறக்கி, அண்டர்சைஸ் பேரிங் போட்டு, ஆயில் பம்பைப் பார்த்து மூடியபோது பில் இருபத்தாறாயிரம். இதில் குறுவையில் ஒன்பது நாள் வண்டி நின்ற நஷ்டம் சேரவில்லை. அதை அண்ணன் இன்னும் எனக்குச் சொல்லிக் காட்டுகிறார்.

கெட்டி ஆயில் செய்த வேலை

டீசல் கலந்ததற்கு ஆயில் கிரேடு காரணமில்லை, சரி. ஆனால் கிரேடை மாற்றியதால்தான் சின்ன வேலை பெரிய வேலையாகியது.

ஆயில் விளக்குக்கான சுவிட்ச் இந்த மாதிரி வண்டிகளில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அளவுக்குக் கீழே போனால்தான் விளக்கை எரிய வைக்கும். இன்ஜினுக்குப் போதுமான அழுத்தம் இருக்கிறதா என்று அது சொல்லாது, முற்றிலும் மோசமாகிவிட்டதா என்பதை மட்டும் சொல்லும். 40 கிரேடு ஆயிலில் நூற்றுக்கு ஐந்து பங்கு டீசல் கலந்தாலே அது 30 கிரேடு அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில்தான் விளக்கு மினுக்கியது. அப்போது பீடு பம்பைப் பார்த்திருந்தால் முந்நூறு ரூபாயோடு போயிருக்கும். அதற்குப் பதில் 50 கிரேடு ஊற்றியதும் விளக்கு அணைந்தது, டீசல் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. 50 நாற்பதாகி, நாற்பது முப்பதாகி, அதற்கும் கீழே போகிற வரைக்கும் வண்டியை எந்தக் கவலையும் இல்லாமல் ஓட்ட அந்தக் கெட்டி ஆயில் பதினோரு நாள் அவகாசம் கொடுத்துவிட்டது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டு வயலுக்குப் போன மாதிரி.

அளவு கூடியதும் சும்மா இருக்கவில்லை. சம்பில் மட்டம் ஏற ஏற கிராங்க் அதில் அடித்து நுரை கிளப்பும், நுரையை பம்ப் இழுத்தால் அழுத்தம் இன்னும் விழும். இன்னும் ஏறியிருந்தால் மூச்சுக் குழாய் வழியாக அந்த ஆவியை இன்ஜினே இழுத்து எரிக்க ஆரம்பித்து, டீசலை நிறுத்தினாலும் அணையாமல் வெறி பிடித்து ஓடியிருக்கும்.

சரி, டீசல் கலக்காத நல்ல இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றலாமா? கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்பது எங்கள் பக்கத்தில் வேதவாக்கு. எண்களைப் பார்ப்போம். எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) வரையறைப்படி 100 பாகை சூட்டில் 40 கிரேடு ஆயிலின் பிசுபிசுப்பு 12.5 முதல் 16.3 செண்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும், 50 கிரேடு 16.3 முதல் 21.9-க்குள். ஆக 50 கெட்டிதான். ஆனால் பேரிங்குக்குள் நடப்பது வேறு. அங்கே சூடும் அதிகம், ஆயில் நசுங்கி விலகும் வேகமும் அதிகம். அதற்காக 150 பாகையில் நசுக்கிப் பார்க்கிற தனிச் சோதனை ஒன்று உண்டு. அதில் 15டபிள்யூ-40-க்கும் 20டபிள்யூ-50-க்கும் குறைந்தபட்ச அளவு ஒன்றேதான், 3.7. பத்து கிரேடு கூட்டி வாங்குகிறோம், பேரிங்குக்குக் கட்டாயமாகக் கிடைக்கிற காப்பு இரண்டிலும் அதே அளவு.

கெட்டி ஆயிலில் கேஜ் முள் நன்றாக ஏறும் என்பது உண்மை. முள் காட்டுவது ஆயில் ஓடுவதற்கு இருக்கும் எதிர்ப்பை. ஓட்டம் கூடினாலும் முள் ஏறும், ஓட முடியாமல் திணறினாலும் ஏறும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் கெட்டி ஆயில் பில்டரில் திணறினால், பில்டரின் பைபாஸ் (மாற்று வழி வால்வு) திறந்து வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். பேரிங்கில் சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டியதும் ஆயில்தான். அது வேகமாக ஓட வேண்டும்.

முன்னால் இருக்கும் 15, 20 பற்றி நான் சண்டை போடுவதில்லை. அது குளிருக்கான எண். 15டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 20 பாகையில், 20டபிள்யூ-வை மைனஸ் 15-இல். மார்கழிப் பனியில்கூட மன்னார்குடியில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை. கையேடு 20டபிள்யூ-40 என்று சொன்னால் அதை ஊற்றலாம், 15டபிள்யூ-40 என்றால் அதை. பின்னால் இருக்கும் எண்ணைத்தான் கையேட்டைக் கேட்காமல் ஏற்றக் கூடாது.

கேனின் பின்பக்கம்

அந்த 20டபிள்யூ-50 கேனைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் 'ஏபிஐ எஸ்எல்/சிஎஃப்'. ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், அடுத்து வருவது ஆயிலின் தர எழுத்து. என்னைக் கேட்டால் கிரேடை விட இந்தப் பொடி எழுத்துதான் முக்கியம். எஸ்-இல் தொடங்குவது பெட்ரோல் இன்ஜினுக்கு, சி-இல் தொடங்குவது டீசலுக்கு. எஸ் முதலில் இருந்தால் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்த ஆயில், டீசலுக்கும் ஒப்பேறும் என்று அர்த்தம்.

இந்த வண்டியின் கையேடு கேட்டது 15டபிள்யூ-40, குறைந்தது சிஎஃப்-4. சிஎஃப்-க்கும் சிஎஃப்-4-க்கும் ஒரு எண்தானே வித்தியாசம் என்று அண்ணன் கேட்டார். அந்த 4 என்பது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினைக் குறிப்பது. சிஎஃப்-4 1990-இல் வந்தது. 4 இல்லாத சிஎஃப் அதற்குப் பிறகு, 1994-இல் வந்தது, ஆனால் டீசலைத் தனி அறைக்குள் பீய்ச்சுகிற பழைய பாணி இன்ஜின்களுக்காக. பின்னால் வந்ததால் அது மேல் என்று நினைத்தால் தப்பு. நேராக சிலிண்டரில் பீய்ச்சும் இன்ஜினில் சேருகிற கரி வேறு விதம், அதைத் தாங்க வேறு மருந்து வேண்டும்.

சிஎஃப்-4-க்குப் பிறகு சிஹெச்-4 1998-இல், சிஐ-4 2002-இல், சிஐ-4 பிளஸ் 2004-இல், சிகே-4 2016 கடைசியில். இந்த வரிசையில் பின்னால் வருவது முன்னால் உள்ளதன் வேலையைச் செய்யும். அதனால் சிஎஃப்-4 கேட்ட வண்டிக்கு சிஐ-4 பிளஸ் தாராளமாக ஊற்றலாம். விதிவிலக்கு எஃப்ஏ-4. அது மெல்லிய 30 கிரேடு ஆயில், அதற்கென்றே செய்த புது லாரி இன்ஜின்களுக்கு மட்டும். பழைய டிராக்டர் பக்கமே கொண்டுவரக் கூடாது.

நாங்கள் முடிவு செய்தது 15டபிள்யூ-40, சிஐ-4 பிளஸ். உண்மையைச் சொன்னால் சிஹெச்-4 போதும். சிஐ-4 கரியை நன்றாகப் பிரித்து மிதக்க வைத்துக்கொள்ளும், சேற்றில் முழு பாரத்தில் மணிக்கணக்காக நிற்கிற வண்டிக்கு அது உபயோகம், விலையும் பெரிய வித்தியாசம் இல்லை. சிகே-4 ஊற்றினாலும் கெடுதல் இல்லை, டர்போ இல்லாத 2009 வண்டிக்கு அந்தக் காசு வீண் என்பது என் அபிப்பிராயம்.

டீசலும் இதில் ஒரு கை. வண்டி வாங்கிய காலத்தில் எங்கள் பக்கம் விற்ற டீசலில் கந்தகம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை இருக்கலாம் என்பது விதி. 2020 ஏப்ரலில் இருந்து நாடு முழுக்க 10. கந்தகம் எரிந்தால் அமிலம், அந்த அமிலத்தை முறிக்கத்தான் ஆயிலில் காரம் சேர்க்கிறார்கள். பழைய ஆட்கள் கந்தக டீசலுக்குப் பயந்து 125 மணிக்கே ஆயில் மாற்றினார்கள், நியாயம்தான். இப்போது அந்தப் பயம் வேண்டியதில்லை. அதற்காக நல்ல ஆயில் ஊற்றிவிட்டோம் என்று கையேடு சொல்லும் நேரத்தை இரட்டிப்பாக்கவும் வேண்டாம், தூசியும் கரியும் குறைந்துவிடவில்லை. அண்ணன் வண்டிக்கு 800 லிட்டர் டீசலுக்கு ஒருமுறை என்று வைத்தோம், அதாவது 200 மணி.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பம். "டிராக்டர் ஆயில்" என்று கேட்டால் சில கடைகளில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஆயில் பிரேக்குக்கும் சேர்த்து ஊற்றுகிற ஆயில் பக்கெட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அது இன்ஜினுக்கு ஆகாது. இன்ஜின் ஆயிலை அந்தப் பக்கம் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது கிறீச்சிடும். இரண்டு பக்கெட்டும் ஒரே மூலையில் மூடி இல்லாமல் நிற்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி, ஆயில் கிண்ணம் வைத்த ஏர் கிளீனருக்கு இன்ஜின் ஆயிலேதான், ஆனால் கோடு வரைக்கும் மட்டும். மேலே ஊற்றினால் இன்ஜின் அதை உறிஞ்சிக் குடிக்கும்.

பிறகு

புது பேரிங் போட்ட வண்டி என்பதால் 50 மணியில் முதல் ஆயிலை வடித்துவிட்டோம். தற்காலிகமாக முள் கேஜ் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் 1.2 கிலோ, முழு வேகத்தில் மூன்று கிலோவுக்கு மேல். 40 கிரேடில்தான்.

இரண்டாம் நாளே தம்பி போன் செய்தான். "அண்ணே, புது ஆயில் அதுக்குள்ள கறுத்துப் போச்சு." டீசல் இன்ஜினில் ஆயில் கறுக்க வேண்டும். கரியைச் சுவரில் ஒட்ட விடாமல் தன்னோடு வைத்திருக்கிறது என்று அர்த்தம். நிறத்தைப் பார்க்காதே, மட்டத்தைப் பார், வாரம் ஒருமுறை கம்பியை மோந்து பார் என்று சொன்னேன். சிரிஞ்சுப் பலகையை அவனிடமே கொடுத்துவிட்டேன். சம்பா உழவின் நடுவில் ஒருமுறை போட்டுப் பார்த்தான், புது ஆயிலும் ஓடிய ஆயிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறங்கின.

தாளடி முடிந்து ஒருநாள் அண்ணன் பட்டறைக்கே வந்துவிட்டார். முகம் சரியில்லை.

"தம்பி, இவ்வளவு செலவு பண்ணியும் ஆயில் குறையுதுப்பா. அரை லிட்டர் டாப் அப் பண்ண வேண்டியிருக்கு."

எத்தனை மணியில் என்று கேட்டேன். ஆணியில் குத்திய பில்லையெல்லாம் இந்தத் தடவை கூட்டி வைத்திருந்தார். 780 லிட்டர்.

"குறையட்டும்ணே" என்றேன். "டீ சாப்பிடுங்க."